மருந்துக்குக்கூட ஒரு பிள்ளை இல்லை

விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கும்போதே எனக்குக் கோபம். மதுரையிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது ஒரு மிளகாய் வற்றல் மூட்டை. அதன் சொந்தக்காரர் நின்றுகொண்டு வந்தார். மூட்டை ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது. தும்மித் தும்மிக் கண் சிவந்து பிளாட்பாரத்தில் நின்றவளைப் பார்த்து, "அழாதீகம்மா, ஊரு நாலு நாள்ல பழகிரும்" என்றார் போர்ட்டர். நான் அழவில்லை, தும்முகிறேன் என்று சொல்வதற்குள் என் பெட்டியோடு பாதித் தூரம் போய்விட்டார்.

நான் ஏன் அங்கே போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு தர்ம ஸ்தாபனம், பி.ஏ. முடித்து ஆசிரியப் பயிற்சி படிப்பவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்துவந்தது. சும்மா கொடுக்கவில்லை. படிக்கும்போது ஒரு மாதம், 'மிகுந்த தேவையுள்ள பள்ளி' என்று அவர்கள் பட்டியலில் இருக்கும் ஏதாவது ஒரு கிராமத்தில் பாடம் நடத்த வேண்டும். படித்து முடித்ததும் அப்படிப்பட்ட பள்ளி ஒன்றில் இரண்டு வருஷம் வேலை பார்க்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு நான் செங்கல்பட்டுப் பக்கம் கேட்டிருந்தேன். வீட்டிலிருந்து ரயிலில் போய் வரலாம். ஒரு மாதத்துக்குத்தான் இந்தத் தலையெழுத்து.

பஸ் கிளம்பும் நேரம் பத்து மணி என்றார்கள். பத்து மணிக்கு டிரைவர் வந்தார். பதினொரு மணி வரை யாரோ ஒரு அச்சாபீஸ் முதலாளியின் காகிதக் கட்டுகள் மேலே ஏறின. "மனுஷாள் ஏற வேண்டாமா?" என்று கேட்டேன். "மனுசங்க நடந்துகூடப் போயிருவாக. காகிதம் நடக்குமா?" என்றார் கண்டக்டர். பஸ்ஸில் யாருக்கும் அந்தப் பதில் விசித்திரமாகப் படவில்லை.

என் முன்னால் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தெலுங்கு தெரியாது என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். எங்கள் தெருவில் பாதி வீடு தெலுங்கு.

"இதுவும் டீச்சராம்" என்றாள் ஒருத்தி.

"செருப்பைப் பார்த்தாயா? நாலு நாள் தாங்காது. போன வருஷம் வந்தவர் மூன்றாம் நாளே வயிற்றுவலி என்று போய்விட்டார்."

"இது இரண்டு நாள்."

திருத்தங்கல் தாண்டி இறங்கும்போது அவர்களிடம் தெலுங்கிலேயே, "முப்பது நாள் இருப்பேன், எண்ணிக்கொண்டே இருங்கள்" என்றேன். கொஞ்சம் திருப்தி. அது இரண்டு மைல் நடந்து ஊர் போய்ச் சேர்வதற்குள் தீர்ந்துபோயிற்று. செருப்பு வார் அறுந்தது.

தங்குவதற்குச் சீனியம்மாள் என்பவர் வீட்டில் ஏற்பாடு. பருத்தி, கம்பு, மிளகாய் என்று கரிசல் காடு வைத்திருக்கும் குடும்பம். நல்ல மனுஷி. ஆனால் அந்தக் காப்பி! ஊர்த் தண்ணீர் உப்பு. அதில் போட்ட காப்பியும் உப்பு. சர்க்கரை போட்டால் உப்பும் தித்திப்பும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு தொண்டையில் நின்றன. கம்பஞ்சோற்றுக்கு அவர் ஊற்றிய குழம்பில் என்னோடு ரயிலில் வந்த மூட்டையில் பாதியாவது இருந்திருக்கும்.

"காரமா இருக்கோ? உங்களுக்குன்னு கொறச்சுத்தான் போட்டேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்று பொய் சொன்னேன். இன்னொரு கரண்டி விழுந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம். ஒரே கூடம், ஐந்து வகுப்பு, ஒரே வாத்தியார். வேலுச்சாமி சார் அந்த ஊர்க்காரர்தான். ஒரு மூலையில் வாய்ப்பாடு சொல்லச் சொல்லிவிட்டு இன்னொரு மூலையில் ஆத்திசூடி நடத்துவார். நடுவில் மதியச் சாப்பாட்டுக்கு அரிசி வந்ததா என்று எட்டிப் பார்ப்பார். பதிவேட்டில் இருந்த பெயர்களில் பாதிக்குக் குறைவாகத்தான் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஊருக்கு ஒரு ஆசை இருந்தது. ஸ்தாபனம் சம்பளம் கொடுத்து ஒரு பட்டதாரி ஆசிரியரை அனுப்பினால் அங்கே ஆறாம் வகுப்பு திறக்கலாம் என்று மேலிடத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். இல்லாவிட்டால் ஐந்தோடு சரி. திருத்தங்கலுக்குப் பஸ் ஏற்றிப் பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்புபவர்கள் அந்த ஊரில் யாருமில்லை. ஆசிரியரை அனுப்புவதா வேண்டாமா என்பது, நான் மூன்றாம் நாளுக்குள் பூர்த்திசெய்து தபாலில் போட வேண்டிய ஒரு படிவத்தைப் பொறுத்தது. படிவம் ஆங்கிலத்தில். பெற்றோர் தொழில் என்ன, வராத பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று இரண்டு பத்தி.

கேட்டேன். எழுதினேன்.

"உங்கப்பா என்ன வேலை?" "ஆபீஸ், டீச்சர்." "உங்கப்பா?" "ஆபீஸ்." "உங்கம்மா?" "அம்மாவும் ஆபீஸ்தான், டீச்சர்."

எனக்கு எரிச்சலாக வந்தது. பி.ஏ. படித்துவிட்டு நான் ஒரு ஆபீஸ் படிகூட ஏறியதில்லை. இந்தக் கரிசல் காட்டில் ஆத்தாளும் அப்பனும் ஜோடியாக ஆபீஸ் போகிறார்களாம். சிவகாசியில் கம்பெனிகள் நிறைய, குமாஸ்தா வேலை கிடைக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வராத பிள்ளைகளைக் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "மருந்துக்குப் போயிருக்கு, டீச்சர்." ஏதோ ஜுரம் ஊரைச் சுற்றுகிறது, பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது, நல்லவேளை. ஒரு பத்தியில் 'அலுவலக ஊழியர்கள்' என்றும், இன்னொரு பத்தியில் 'மருந்து வாங்கச் சென்றுள்ளனர்' என்றும் அழகான ஆங்கிலத்தில் வரிசையாக எழுதினேன்.

வேலுச்சாமி சார் கையெழுத்துப் போடும் முன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஆபீஸ்... ஆபீஸ்... ஆபீஸ். சரியாப் போட்டிருக்கீக, டீச்சர்" என்று சீல் குத்தினார்.

அன்றைக்குத்தான் பேச்சியின் அம்மா மாரியம்மாள் வந்தாள். பேச்சி ஐந்தாம் வகுப்பு. நான் பன்னிரண்டாம் வாய்ப்பாடு கேட்டபோது, "பன்னெண்டு பன்னெண்டு ஒரு குரோஸ்" என்று முடித்த பெண். நூற்று நாற்பத்து நாலு என்று சொல்லு என்றால், "அதத்தான டீச்சர் சொன்னேன்?" என்று என்னையே பார்த்தாள். அவ்வளவு வேகமான தலை அந்தக் கூடத்தில் வேறு இல்லை.

"ஆறாப்பு வருதாமே, டீச்சர்?" என்றாள் மாரியம்மாள். "வருதுன்னா சொல்லுங்க. இவளை ஆபீசுக்கு அனுப்பவே மாட்டேன். சத்தியம்."

பெண் படித்து ஆபீஸ் போனால் என்ன கெட்டுவிடும், இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு கட்டுப்பெட்டி என்று மனதுக்குள் திட்டினேன். வாய் திறந்து, "வரும், வரும்" என்றேன்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. பெற்றோரைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது ஸ்தாபனத்தின் விதி. இருந்ததிலே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, ஆபீசுக்கு வழி கேட்டுக்கொண்டு போனேன். பொட்டல். வேலி. உள்ளே தள்ளித் தள்ளிச் சின்னச் சின்னக் கொட்டகைகள். வாசலில் காவல்காரர், "செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றார்.

"ஆபீஸ் எங்கே?"

"இதுதாம்மா ஆபீஸ்."

"இது பட்டாசு ஃபாக்டரி."

"அதத்தான் சொல்லுதேன். பட்டாசு ஆபீஸ்."

வேப்பமரத்தடியில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சரம் பின்னிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கொட்டகையில், என் பதிவேட்டில் ஜுரமென்று நான் நினைத்த பிள்ளைகள், குழாய்களில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். வெடிமருந்து. முழங்கை வரை வெள்ளி பூசினாற்போல் கை. என்னைப் பார்த்ததும் ஒருத்தி, "டீச்சர் வந்துருக்காகடி!" என்று சந்தோஷமாகச் சிரித்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நேரே வேலுச்சாமி சார் வீட்டுக்குப் போனேன்.

"ஆபீஸ் என்றால் பட்டாசுத் தொழிற்சாலை என்று ஏன் சார் சொல்லவில்லை?"

அவர் நிஜமாகவே விழித்தார். "ஆபீஸ்னா ஆபீஸ்தான, டீச்சர்? பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ். வேற என்ன ஆபீஸ் இருக்கு?"

"காகிதம், பேனா, மின்விசிறி உள்ள ஆபீஸ்!"

"அதைத் தாலுகா கச்சேரின்னுல்ல சொல்லுவோம்" என்றார்.

அன்றே திருத்தி ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். சனிக்கிழமை தபால் போய்விட்டது. ஞாயிறு தபால் இல்லை. திங்கட்கிழமை போட்ட என் கடிதம் சென்னை போய்ச் சேர்வதற்குள் அங்கிருந்து பதில் கிளம்பிவிட்டது. இரண்டும் வழியில் எந்த ஸ்டேஷனிலோ ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு போயிருக்கும்.

பதில் தலைமையாசிரியர் பெயருக்கு வந்தது. தபால்காரர் முன்னிலையில், பிள்ளைகள் முன்னிலையில், சார் அதை என்னிடம் கொடுத்து உரக்கத் தமிழில் சொல்லச் சொன்னார். 'பெற்றோர் பெரும்பாலும் அலுவலக ஊழியர்கள் என்றும், பிள்ளைகளுக்கு மருத்துவ வசதி தாராளமாகக் கிடைக்கிறது என்றும் அறிந்து மகிழ்கிறோம். ஆகவே தங்கள் பள்ளி மிகுந்த தேவையுள்ள பள்ளிகளின் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது.'

முழுதும் படிக்க எனக்கு வாய் வரவில்லை. "இப்போதைக்கு வாத்தியார் இல்லையாம்" என்று முடித்துவிட்டேன். பேச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சிலேட்டை எடுத்துத் துடைத்தாள்.

சார் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "விடுங்க டீச்சர், நானும் படிச்சுப் பாத்துத்தான சீல் குத்துனேன்" என்றார். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரம் என்று நினைத்துச் சீனியம்மாள் மோர் கொண்டுவந்தார். பாவி, நான் எழுதிய இரண்டு வார்த்தையில் ஒரு ஊருடைய ஆறாம் வகுப்பு போயிற்றே என்று அவரிடம் சொல்லி அழுதுவிட்டேன். இந்த முறை தும்மல் இல்லை.

என் கடிதத்துக்குப் பதில் மூன்றாம் வாரக் கடைசியில் வந்தது. ஸ்தாபனத்தின் செயலாளர் தூத்துக்குடி போகும் வழியில் இறங்கி நேரில் பார்ப்பாராம். அரை நாள்தானாம்.

விருதுநகர் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்துவந்தேன். கோட்டு, அங்கவஸ்திரம், மூக்குப்பொடி டப்பா. இந்தமுறை பஸ் மேல் காகிதம் இல்லை. உள்ளே ஆடு இருந்தது. ஆமத்தூர் தாண்டி டயர் வெடித்தது. செயலாளர் திடுக்கிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீக சார், இது டயரு. நம்ம ஊரு வெடி இம்புட்டு மோசமாவா வெடிக்கும்?" என்றார் கண்டக்டர். அரை நாளில் பாதி அங்கே போயிற்று. அவர் கடிகாரத்தைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, டிரைவர் ஜாக்கியைத் தேடினார். அது வேறொரு பஸ்ஸில் இருந்தது.

ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. பள்ளிக்கூட வாசலில் வேலுச்சாமி சார் துவைத்த சட்டையோடு தனியாக நின்றார். உள்ளே பெருக்கிய தரை. மணைகள். கரும்பலகையில் 'நல்வரவு.' அவ்வளவுதான். தீபாவளிக்குப் பத்து நாள். கடைசி லோடு ஏற்ற லாரி வந்துவிட்டது. விடிவதற்கு முன்பே எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிப்போய்விட்டார்கள்.

செயலாளர் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "என்னம்மா இது? தேவை, தேவை என்று எட்டுப் பக்கம் எழுதியிருந்தாய். மருந்துக்குக்கூட ஒரு பிள்ளை இல்லையே!"

"மருந்துக்குத்தான் அம்புட்டுப் பிள்ளையும் போயிருக்கு, சார்" என்றார் வேலுச்சாமி சார்.

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். செயலாளர் சிரிக்கப் போனவர், சாரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாருங்கள், ஆபீசுக்குப் போகலாம்" என்றேன்.

வாசலில் காவல்காரர் செயலாளரின் பூட்சைக் கழற்றச் சொன்னார். பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து, "இது என்ன மருந்து?" என்று வாங்கி வைத்துக்கொண்டார். வெறுங்காலோடு, பொடி இல்லாமல், செயலாளர் அந்தச் சூட்டு மணலில் என் பின்னால் வந்தார்.

கொட்டகையில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவு ஒழுங்காக எந்த வகுப்பிலும் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் பதிவேட்டைத் திறந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. கோபம்தான்.

"கருப்பாயி."

"உள்ளேன், டீச்சர்."

"முனியாண்டி." "உள்ளேன், டீச்சர்." "சுப்பம்மா." "உள்ளேன், டீச்சர்." "ராசாமணி." அவன் வெளியே மரத்தடியிலிருந்து பதில் சொன்னான். யாரும் தலை நிமிரவில்லை. யார் கையும் நிற்கவில்லை. போர்மேன், "இங்கன சத்தம் கூடாதும்மா" என்று ஓடிவந்தார். செயலாளர் அவரைக் கையமர்த்திவிட்டு, "படி" என்றார். ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பெயருக்கு வந்துவிட்டேன். அதுவரை ஒருத்தர் பாக்கியில்லாமல் ஆஜர்.

"பேச்சியம்மாள்."

அவள் இருக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். அம்மா சத்தியம் செய்திருந்தாளே.

"உள்ளேன், டீச்சர்" என்று மூலையிலிருந்து வந்தது. கை முழங்கை வரை வெள்ளி.

எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் இருந்த மாரியம்மாளிடம், "நீ என்ன சொன்னாய்? அனுப்பவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணினாயே!" என்று கத்தினேன்.

அவள் சரத்தைக் கீழே வைத்தாள். "ஆறாப்பு வந்தா அனுப்ப மாட்டேன்னேன், டீச்சர். வாத்தியார் வரமாட்டாகன்னு கடுதாசி வந்துச்சு, நீங்கதான வாசிச்சீக? பெறகு அங்கன உக்காந்து அஞ்சாப்பையே திரும்பப் படிக்கவா?"

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்தக் கடிதம் தவறு, அம்மா. பள்ளியை மறுபடி சேர்த்துக்கொள்கிறோம். ஜூனில் யாரையாவது அனுப்புவோம்."

"யாராச்சும்னா?"

"யாராவது. ஒரு பட்டதாரி."

"யாராச்சும் வருவாகன்னுதான் போன வருசமும் சொன்னாக. வந்தவுகளுக்கு மூணாம் நாளு வயித்துவலி" என்றாள். "பேரு சொல்லுங்க, சார். பேரு சொன்னா எம்புள்ள எந்திரிச்சு வருவா."

செயலாளர் விழித்தார். இந்தப் பக்கம் வர யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்று ரயிலடியில்தான் என்னிடம் சொல்லியிருந்தார். கொட்டகையில் கைகள் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தன. உப்புக் காப்பி, அந்தப் பஸ், அறுந்த செருப்பு, செங்கல்பட்டு எல்லாம் எனக்கு ஒரு நொடியில் ஞாபகம் வந்தன. ஆனாலும் இந்த வாய் இருக்கிறதே!

"சரோஜா" என்றேன்.

"அது யாரு?"

"நான்தான்!" என்று எரிந்துவிழுந்தேன்.

மாரியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பேச்சியைப் பார்த்தாள். பேச்சி, "நாளைக்கழிச்சு லோடு போயிரும், டீச்சர். பெறகு வாரேன்" என்றாள். கை நிற்கவில்லை.

வெளியே வந்து பொடி டப்பாவைத் திரும்ப வாங்கியதும் செயலாளர் என் படிவத்தை எடுத்தார். 'அலுவலக ஊழியர்கள்' என்று நான் எழுதியதையெல்லாம் வரிவரியாக அடித்தார். இரண்டு வருஷமும் இனி இங்கேதான் என்று அன்றிரவே வீட்டுக்கு எழுதிப்போட்டேன். அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

ஜூனில் மறுபடி வந்தேன். பஸ் அதே பஸ். என்னைப் பார்த்ததும் கண்டக்டர், "டயரு புதுசு, டீச்சர்" என்றார். ஆமத்தூருக்கு முன்பே நின்றது, வேறு ஏதோ கோளாறு. சீனியம்மாள் காப்பி கொடுத்தார். உப்பாகவே இருந்தது.

ஆறாம் வகுப்புக்கு எட்டுப் பெயர் கொடுத்திருந்தார்கள். கூடத்தைத் தட்டி வைத்து மறைத்து ஒரு பெஞ்சு போட்டிருந்தது. பெஞ்சில் பேச்சி மட்டும் இருந்தாள். மற்ற ஏழு பேர் எங்கே என்று நான் வேலுச்சாமி சாரிடம் பாய்ந்தேன். இதற்காகவா செங்கல்பட்டை விட்டுவிட்டு வந்தேன் என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

"கோவப்படாதீக, டீச்சர். மருந்துக்கு ஒண்ணு வந்துருக்குல்ல?" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் பதிவேட்டைத் திறந்து பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன். ஏழு பெயருக்கும் பேச்சியே, "மருந்துக்குப் போயிருக்கு, டீச்சர்" என்று பதில் சொன்னாள். வராத காரணம் என்ற பத்தியில் ஏழு தடவையும் 'பட்டாசு ஆலை' என்று தமிழில் எழுதினேன். அவர்கள் வீடுகளுக்குச் சாயங்காலம் போகவேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் காப்பி குடிக்கவேண்டியிருக்கும்.

"பேச்சியம்மாள்."

எழுந்து நின்றாள். கையை நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தாள். நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் வெள்ளி பாக்கியிருந்தது.

"உள்ளேன், டீச்சர்."